மழை வர முதல் மணம் வரும்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது புரட்டாசி பாதி போயிருக்கும். இனி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மழையும் குளிரும் சேர்ந்து வருகிற காலம். யாழ்ப்பாணத்தில் இதை மாரி என்று சொல்லுவோம். கம்பளி, விறகு, பிள்ளைகளின் இருமல், கூரைத் தகரத்து ஓட்டை எல்லாம் ஞாபகத்துக்கு வருகிற காலம். ரேடியோவிலும் போனிலும் வானிலை அறிவித்தல் வருகிறது, அது நல்லது. ஆனால் அறிவித்தல் ஒரு மாவட்டத்துக்கே பொதுவாகச் சொல்லும். உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலையைப் பற்றி அது தனியாகச் சொல்லாது. அதற்கு உங்கள் மூக்கும் கண்ணும் காதும்தான் வேண்டும். அதைப் பற்றித்தான் இந்த முறை பாடம்.

எனக்கு ஊர் நல்லூர். கந்தசுவாமி கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. வானத்தைப் பார்க்கவும் காற்றை மணக்கவும் எனக்குப் பழக்கியவ எங்கட அம்மம்மா. அங்கே படித்ததை நம்பிக்கொண்டு மலைநாட்டுக்கு வேலைக்கு வந்தேன். வந்த முதல் வருஷமே அதில் பாதி பிழைத்துப் போனது. ஏன் பிழைத்தது என்று யோசித்துப் பார்த்ததில்தான் உண்மையான பாடம் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்தில் பெய்து முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறினால்தான் மற்ற மாதங்களுக்குக் குடிதண்ணீர், தோட்டத்துக்கு இறைப்பு. புழுதி விதைப்பாக நெல்லைப் போட்டவன் மழை பிந்தினால் விதையை இழப்பான். அதனால் மழை எப்போது வரும் என்பது அங்கே பொழுதுபோக்குப் பேச்சு இல்லை, அடுப்பு எரிகிற விஷயம்.

அம்மம்மாவுக்குக் கலண்டர் தேவையில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆவணி அமாவாசையில் தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். தேர் முடிந்த கையோடு அவவின் மாரி வேலை தொடங்கும். காவோலையும் பனைமட்டையும் கொட்டிலுக்குள் போகும். கூரைக்குக் கிடுகு மாற்றப்படும். பனம்பாத்தி போடப்படும். அதுவரைக்கும் அடித்த சோளகக் காற்று மெல்ல மெல்ல விழும். காற்று விழுந்தால் புழுக்கம். அந்தப் புழுக்கத்தில் அவ அடிக்கடி படலைக்குப் போய் கிழக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பா. கொண்டல், அதாவது கீழ்க்காற்று, திரும்பிவிட்டதா என்று பார்க்கிறா. திரும்பினால் நாவற்குழிப் பக்கத்துக் கடல்நீரேரியின் சேற்று மணம் எங்கள் ஒழுங்கை வரைக்கும் வரும். "மணம் வந்திட்டுது மோனை, கொடியில கிடக்கிற உடுப்பை எடு" என்பா. சில நாள் அரை மணித்தியாலம், சில நாள் ஒரு மணித்தியாலம், மழை வந்துவிடும்.

குசினியில் கல்லுப்புப் போட்ட சட்டியையும் பார்ப்பா. உப்பு கசிந்து ஈரமானால் மழை கிட்ட என்று அர்த்தம். தும்பி கூட்டமாகத் தாழப் பறந்தால் மாரி தொடங்கப் போகுது. விடியவும் பொழுதுபடவும் ஆறுமணிக்குருவி கத்தத் தொடங்கினால் அதுவும் அப்படித்தான். எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு போவதையும் சொல்லுவா. எறும்பை மட்டும் நான் அவ்வளவு நம்புவதில்லை, அது வெயிலிலும் தூக்குகிறது.

இதெல்லாம் கிழவியின் பேச்சு என்று நான் சின்ன வயதில் சிரித்ததுண்டு. 1995 ஒக்டோபர் 30க்குப் பிறகு சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்து வலிகாமம் சனத்தை எல்லாம் உடனே வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா குத்துவிளக்கையும் பித்தளைக் குடத்தையும் சாக்கில் கட்டுகிறா. அம்மம்மா படலையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, "குடத்தை வை, படங்கை எடு, மழை வருது" என்றா. படங்கு என்றால் எங்கள் ஊரில் பெரிய தார்ப்பாய். (கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டுகிற படங்கு வேறு. இந்தச் சொல்லால் நான் இங்கே பட்ட வெட்கம் தனிக் கதை.) அந்தப் படங்கு பாரம் என்று அம்மா சண்டை பிடித்தா. அம்மம்மா விடவில்லை. நாவற்குழிப் பாலத்துக்கு வர முதலே மழை கொட்டியது. ரோட்டில் அசைய இடமில்லை. அந்தப் படங்குக்குக் கீழே நாங்களும், யாரென்று தெரியாத இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும், பிறந்து மாதமாகாத ஒரு குழந்தையும் விடியும்வரை நின்றோம். குடம் வீட்டிலேயே போனது. அதைப் பற்றி அம்மா பிறகு ஒரு நாளும் கதைக்கவில்லை.

சரி, அம்மம்மாவின் மூக்குக்கு என்ன தெரிந்தது?

மண் மணத்தை 1964ஆம் வருஷம் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இரண்டு பேர், இசபெல் ஜாய் பேர் என்ற அம்மாவும் றிச்சட் தோமஸ் என்பவரும், ஆராய்ந்து எழுதினார்கள். பெட்ரிகோர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வெயில் காலத்தில் செடிகொடி விடுகிற எண்ணெய்ப்பசை மண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடக்கும். ஈரம் பட்டவுடன் அது கிளம்பும். அடுத்த வருஷம் வேறு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு பொருளுக்குப் பெயர் வைத்தார்கள், ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர் அதைச் செய்கிறது. அந்த இனத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பெயர். உங்களில் வயதானவர்களுக்குக் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டது ஞாபகம் இருக்கலாம். அந்த மருந்தும் இதே இனத்திலிருந்துதான் வந்தது. மனுஷ மூக்கு ஜியோஸ்மினுக்கு மிகவும் கூர்மை. ஒரு லட்சம் கோடி பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். நாய் மாதிரி மூக்கு நமக்கு இல்லை என்று சொல்லுகிறோம், இந்த ஒரு மணத்தில் நாம் குறைந்தவர்கள் இல்லை.

மழைத்துளி விழும்போது மண்ணுக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் அகப்பட்டு, மேலே வந்து வெடித்து, மணத்தைத் தூவுகிறது. 2015இல் அமெரிக்காவில் இதைப் படம்பிடித்தே காட்டினார்கள். தூரத்தில் இடிமழை பெய்தால் அங்கிருந்து குளிர்காற்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டு ஓடிவரும். மணம் அந்தக் காற்றோடு வருகிறது, மழை பின்னால் வருகிறது. அம்மம்மா மணந்தது இதைத்தான். நல்லூர் தட்டையான பூமி. காற்றை மறிக்க ஒன்றும் இல்லை. அதோடு ஆனி, ஆடி, ஆவணி என்று காய்ந்து வெடித்த மண். நெடுநாள் காய்ந்த மண்ணில்தான் மணம் கூட. இந்த இரண்டு காரணத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இனித்தான் என் முட்டாள்தனம் வருகிறது.

ஊவாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஐப்பசி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலையில் நின்றேன். பச்சை மண் மணம் மூக்கில் அடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கங்காணியைக் கூப்பிட்டு, "மழை வரப்போகுது, பொம்பிளையளை மடுவத்துக்கு இறக்குங்கோ" என்றேன். மரியாதைக்காக அவரும் இறக்கினார். கொழுந்து மடுவத்தில் கூடையோடு ஒரு மணித்தியாலம் நின்றார்கள். ஒரு துளி விழவில்லை. கடைசியில் ஒரு வயதான பாட்டி வாய்விட்டுச் சிரித்தா. "ஐயா, மழையெல்லாம் இன்னைக்கு வராதுங்க. மேல பழைய மலையில கான் வெட்டுறாங்க. அந்த மண்ணு வாசம்தான் காத்துல எறங்குது." ஒவ்வொரு ஆளுக்கும் அன்று இரண்டு கிலோவாவது போயிருக்கும். அதற்குப் பிறகு கன நாள் என்னைக் கண்டால், "ஐயா, இன்னைக்கு வாசம் எப்படி?" என்று கேட்பார்கள்.

அந்தப் பாட்டியிடம் நான் பிறகு நிறையக் கேட்டுப் படித்தேன். மலைநாட்டு மண் பெரும்பாலும் ஈரத்தில் கிடக்கிறது, அதனால் மழைக்கு முன் மணம் அங்கே போல எழும்பாது. காற்றும் பள்ளத்தாக்கு வழியே வளைந்து வளைந்து வருகிறது, எந்தப் பக்கத்து மணம் என்று சொல்ல முடியாது. உப்புச் சட்டியும் இங்கே உதவாது. காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். யாழ்ப்பாணத்து வெயில் காலத்துப் பகலில் காய்ந்திருந்து மாரி வரக் கசிவதால் அது அடையாளம். நுவரெலியாப் பக்கத்தில் உப்பு பெரும்பாலும் கசிந்துகொண்டுதான் இருக்கும். விடியற்காலை வானம் சிவந்தால் மழை என்று புத்தகத்தில் படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது மேற்கிலிருந்து மழை வருகிற குளிர் நாடுகளின் கணக்கு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வங்காள விரிகுடாப் பக்கத்திலிருந்து வருகிறது.

அதே போலத்தான் வாடைக்காற்றும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று பதுளை, பசறை, ஹல்துமுல்ல பக்கத்து மலையில் மோதி மழையைக் கொட்டும். மலையைத் தாண்டி ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்துவிடும். அதனால் தை, மாசியில் அங்கே காய்ந்த குளிர். ஒரே காற்று, ஒரு தோட்டத்துக்கு மழை, இன்னொன்றுக்கு வெறும் குளிர். பதுளையில் கலியாணம் கட்டி ஹட்டனுக்குப் போன பிள்ளைகள் தாய் சொன்ன அடையாளத்தை அப்படியே கொண்டு போகக் கூடாது.

தும்பியும் குருவியும் மட்டும் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது. ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து ஐப்பசியை ஒட்டி வந்து இலங்கை முழுவதும் பரவுகிறது, மலைநாட்டுக்கும் வருகிறது. ஓடைக் கரையிலும் தோட்டத்து ரோட்டிலும் வாலை ஆட்டி ஆட்டி நடக்கிற வாலாட்டிக் குருவி வடக்கே குளிர் தொடங்கப் புறப்பட்டு வருகிறது. தும்பியின் கதை அதைவிடப் பெரிது. சார்ல்ஸ் அன்டர்சன் என்பவர் மாலைதீவில் பல வருஷம் கணக்கெடுத்து 2009இல் எழுதினார். ஒக்டோபரில் தும்பிகள் இந்தியப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி அங்கே வருகின்றனவாம், அதன் பிறகு ஆபிரிக்கா வரை போகின்றன என்பது அவர் முடிவு. மழை முகில் நகர்கிற வழியில் காற்றோடு போகிறது. ஆனால் இவை எல்லாம் காலம் மாறுகிறது என்று சொல்லுமே தவிர, நாளைக்கு மழையா என்று சொல்லா.

குளிருக்கு வருவோம். பனி உறைந்து கொழுந்து கருகுவது நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசியில் நடக்கும். அதற்கும் ஒரு மண அடையாளம் உண்டு, அது புகை. பின்னேரம் லயத்து அடுப்புப் புகை மேலே எழும்பாமல் பள்ளத்தில் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தால் கவனியுங்கள். வானத்தில் முகில் இல்லை, காற்று அசையவில்லை, நட்சத்திரம் கண்ணைக் குத்துகிற மாதிரித் தெளிவு என்றால் அன்று இரவு குளிர் இறங்கும். முகில் என்பது பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. அது இல்லாவிட்டால் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தங்கும், புகையும் அதற்கு மேலே போக முடியாது. அன்று மரக்கறிப் பாத்தியைச் சாக்கால் மூடுங்கள். கைக்குழந்தைக்குத் தலையையும் காலையும் மூடி உடுப்புப் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிருக்குக் கரி அடுப்பைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திப் படுக்க வேண்டாம். கரி நெருப்பிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. உங்கள் மூக்கு எவ்வளவு கூர்மையானாலும் அது காட்டாது. தலையிடி, மயக்கம், பிறகு எழும்ப முடியாது. நித்திரையில் இருக்கிறவருக்குத் தலையிடியும் தெரியாது.

இனி அந்தப் பாட்டியின் சிரிப்புக்குத் திரும்பி வருகிறேன். கான் வெட்டுகிற இடத்தில் பச்சை மண் மணக்கும் என்றா அல்லவா? அப்படியானால் யாரும் வெட்டாத இடத்தில், நாலு நாள் மழைக்குள், வெட்டின மண் மணம் வந்தால் மலையை வெட்டுவது யார்?

மலைச்சரிவில் குடியிருப்பு அதிகம் உள்ள நாடு யப்பான். அங்கே அரசாங்கம் சனத்துக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில் மண்சரிவுக்கு முன் வரும் அடையாளங்களில் மணமும் சேர்ந்திருக்கிறது. அழுகின மண் மணம். மேலே மண் பிளந்து, வேர் அறுந்து, உள்ளே புதைந்து மக்கிக் கிடந்த இலைகுழை வெளியே வருவதால் எழும்புகிற மணம் அது. அதோடு இன்னும் சொல்லுகிறார்கள். மழை விடாமல் பெய்தும் ஆற்றில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் மேலே எங்கோ மண் அடைத்து நிற்கிறது. ஓடைத் தண்ணீர் கலங்கி, முறிந்த மரம் வந்தால், மலைக்குள் உறுமல் கேட்டால், நிற்கக் கூடாது.

நம்முடைய லயங்களில் இன்னும் சில உண்டு. தெளிவாக விழுகிற பீலித் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாவது, அல்லது நின்றே போவது. இல்லாத இடத்தில் ஊற்று வருவது. சுவரிலும் முற்றத்திலும் புது வெடிப்பு. நேற்றுவரை சாத்தின கதவு இன்று இறுகுவது. மரமும் கம்பமும் சாய்வது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தும் காணாமலும் போனவர்கள் முப்பதுக்கும் மேல். அந்த இடத்தை விட்டு எழும்ப வேண்டும் என்று வருஷக்கணக்குக்கு முன்னமே எச்சரிக்கை வந்திருந்தது. எழும்பிப் போக இடமும் வீடும் வேண்டுமே என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம்தான். அந்தக் கேள்வி இன்றும் பல தோட்டத்தில் அப்படியே இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மலைநாட்டில் மண்சரிவுதான் பெரிய எமன். வீடு வேறு இடத்தில் கிடைக்கும் வரைக்கும் நம் கையில் இருப்பது நேரத்தோடு வெளிக்கிடுவது ஒன்றுதான்.

மணம் வந்த பிறகு இருப்பது நிமிஷக் கணக்கு. அதனால் மூக்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், மழையை அளக்கவும் பழகுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமான தகரப் பேணி ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியில் கம்பத்தில் கட்டுங்கள். காலையில் ஆறு மணிக்குப் பாடசாலை அடிமட்டத்தை விட்டு அளந்து ஊற்றிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுகிற கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் ஆயத்தம். 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறுங்கள். பெருமழை நாளில் காலை வரைக்கும் காத்திராமல் இடையிடையே பாருங்கள், அப்போது ஊற்ற வேண்டாம். 75 மில்லிமீற்றர் என்றால் மூன்று அங்குலம், நடுவிரலின் நீளம் கிட்டத்தட்ட. மண் ஏற்கனவே ஊறிக் கிடந்தால் இதற்குக் குறைவான மழையிலும் சரியலாம். அடையாளம் ஏதும் கண்டால் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஓடை வழியே கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள். பக்கத்துக் காம்பராவைத் தட்டி எழுப்புங்கள், காது கேளாத தாத்தா பாட்டியை முதலில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. ஒரு கொப்பியில் நாலு கோடு அடியுங்கள். திகதி, பேணியில் மழை எத்தனை மில்லிமீற்றர், பீலித் தண்ணீர் தெளிவா கலங்கலா, காலையில் என்ன மணம். ஐப்பசி முதல் மார்கழி முடிய எழுதுங்கள். மழைக்கு முதல் நாள் என்ன எழுதினீர்கள் என்று பின்னுக்குப் புரட்டிப் பாருங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா மழைக்கும் குளிருக்கும் என்ன அடையாளம் சொல்லுகிறார்கள் என்று கேட்டு, எந்த மலை, எந்த லயம் என்ற விபரத்தோடு பிள்ளை மடுவத்து ரீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். தை மாத இதழில் போடுவோம். நல்லூர் அடையாளங்களை நான் எழுதியாகிவிட்டது, இனி உங்களுடையவை வரட்டும்.